குப்புற விழுபவர்கள்

சோபியாவில், ரயில் பணிமனைக்குப் பின்னால்
எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்
ஜிவ்கோ காலை முழுக்கச் செத்துக்கொண்டிருந்தான்.

உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு ஒட்டிய கறுப்பு உடுப்பு,
துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக்கட்டை,
கீழே நீல மெத்தை.
"சாதாரணப் படை மல்லாந்து விழும்.
இது மன்னரின் சொந்தப் படை. குப்புற விழணும்"
என்றார் ஸ்விலென்.
விழுந்தான்.
"இன்னும் கொஞ்சம் கௌரவமாக."
எழுந்து, மூக்கைத் துடைத்து,
கௌரவமாக விழுந்தான்.

இரவில் மொத்தச் சந்தையில் குடைமிளகாய்ப் பெட்டி இறக்குபவன்.
இடுப்பு பிடித்துக்கொள்ளும் அவனுக்கு.
அதையும் சேர்த்தே பதிவு செய்தன
இருபத்துநான்கு கேமராக்கள்.

என் வேலை மாடியில்:
அவன் ஒருவன் உடம்பை
நூற்றிருபது பேருக்குப் பங்கு வைப்பது.
ஒன்பது முகம், நான்கு மீசை, ஒரே நடை.
சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி, மூன்று வரிசை.
மார்பில்தான் புண், முதுகில் கிடையாது;
அப்படித்தான் வண்ணம் தீட்டித் தந்தார்கள்.

துணிவு: தொண்ணூற்றாறு.
கொடி சாய்ந்தாலும், தளபதி குதிரையோடு சரிந்தாலும்
அந்த எண் எழுபதுக்குக் கீழே இறங்காது.
இறங்காதபடி எழுதிய பையன்
ஒரு மழைநாளில் மோர் குடித்துக்கொண்டே எழுதினான்.
புறமுதுகிடும் அசைவை
இவர்களுக்கு நாங்கள் செய்யவே இல்லை. செலவு மிச்சம்.
வீரம் சில நேரம் அவ்வளவுதான்:
ஓடுவதற்குப் படம் வரையப்படவில்லை.

நாலாவது நாள், மருந்து திணிக்கும் அசைவு எடுக்கையில்
சுவரோரம் கிடந்த அவன் கோட்டுக்குள் போன் அடித்தது.
மகள் காலினாவுக்குக் காய்ச்சல்,
பள்ளியிலிருந்து கூப்பிடலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.
கை நிற்கவில்லை.
குச்சி குழலுக்குள் இறங்கியபடியே இருந்தது.
தலை மட்டும் திரும்பியது,
இடது தோளுக்கு மேலாக,
முக்கால் நொடி.

அந்தத் துண்டை வெட்டச் சொன்னார் ஸ்விலென்.
வெட்டினேன், எல்லாரிடமும்.
மூன்றாம் வரிசையில் வலமிருந்து ஏழாவது ஆளிடம் மட்டும்
விட்டுவிட்டேன்.
ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
கடைசி டிராம் போய்விடும் என்ற அவசரம், அதுவும் உண்டு.

இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
ஜிவ்கோ கடலோரம் எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி.
ஏதோ ஊரில் எவனோ ஒருவன்
எங்கள் படையை ஆற்றங்கரை மேட்டில் நிறுத்திவிட்டு
எதிரியின் குதிரைகள் வரட்டும் என்று
பிஸ்கட் கடித்துக் காத்திருக்கிறான்.
முரசு. புகை.
பீரங்கி முதலிரண்டு வரிசையைத் தின்றாயிற்று.
மிச்சம் உள்ளவர்கள் திணிக்கிறார்கள், திணிக்கிறார்கள்.
வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சிவப்பெறும்பு;
அவ்வளவு கீழே இறங்கி யார் பார்க்கப்போகிறார்கள்?

ஏழாவது ஆள் திரும்பிப் பார்க்கிறான்.
அங்கே ஒன்றுமில்லை.
ஒரு சரிவு,
நான் அவசரத்தில் நட்ட புல்.

பிறகு முகத்தை முன்னால் வைத்து
விதித்தபடியே குப்புற விழுகிறான்,
ஒரு கையால்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.