சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல்

தெல்லிப்பளையில் டொக்டர்
துண்டை இரண்டாய் மடித்துத் தந்தார்.
"இனி ஊசி வேண்டாம்."
வேண்டாம் என்ற சொல்லை
அவ்வளவு மெதுவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஓட்டோ மல்லாகம் தாண்டும்போது அக்கா கேட்டாள்:
"சுன்னாகச் சந்தையில நிப்பாட்டுவமே?
முருங்கைக்காய் இப்ப மலிவு."
நிப்பாட்டினேன்.
பேரம் பேசி அஞ்சு ரூபா குறைத்தாள்.

இரவு வட்ஸ்அப்பில் குடும்பம் கூடியது.
ஸ்காபரோவில் அண்ணனுக்குக் காலைக் கோப்பி,
பாரிசில் தங்கச்சிக்கு வேலை முடிந்த பஸ்.
"சாவகச்சேரிப் பக்கம் ஒரு இல்லம் இருக்காம்,
தனி அறை, ஏசி, மாதக்காசு நான் கட்டுறன்."
"கொண்டுபோய் விட்டால் ஊர் என்ன சொல்லும்?"
ஊர் இரவு இரண்டு மணிக்கு
படுக்கைவிரிப்பு மாற்ற வராது
என்று நான் சொல்லவில்லை.
மியூட்டில் இருந்தேன்.

சோறு கரைத்துத் தீத்துவேன்.
குளிசையை நேரம் பார்த்துக் குடுப்பேன்.
ஆனால் நான் தம்பி.
குளிக்கப் போனால் அவள் கதவைச் சாத்துவாள்.
வெளியே நின்று
வாளிச் சத்தத்தை எண்ணுவேன்.
ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் நடுவில்
என் வயது கூடும்.

வியாழக்கிழமை எமில்டா மிசி வந்தா.
ஹெல்மெட் கழற்றமுதலே கேட்டா:
"நோவு பத்துக்கு எத்தனை?"
"ஏழரை."
"ஏழரையோ? அது சனியனெல்லே!"
அக்கா சிரித்தாள். சிரித்ததில் நொந்தது.
பிறகு மிசி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னா:
"மோர்பின் எண்டதும் முகத்தைத் தொங்கப் போடாதையும்.
அது நோவுக்கு மருந்து, சாவுக்கில்லை.
கத்தினாப் பிறகு குடுக்கிறதில்லை, கத்தமுன்னம்.
ஊசியைத்தான் விட்டவை,
ஆளை விடேல்ல."

அன்று பின்னேரம்
அக்கா சீ.ஆர். கொப்பி கேட்டாள். அடிமட்டமும்.
கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம்,
ஐந்து சதம் இடித்தாலும் வீட்டுக்கு வராத காசாளர்.
தலையணை மேல் கொப்பியை வைத்து
மூன்று நிரல் கீறினாள்:
இல்லம். வீடும் ஆளும். ஆஸ்பத்திரி.
இடப்பக்கம் இறங்கினாள்.
பம்பர்ஸ். காற்று மெத்தை வாடகை.
கரண்ட் போனால் மெத்தை.
குளிப்பு (பொம்பிளை ஆள்).
நாய்: இல்லத்தில் விடமாட்டினம், விசாரி.
இரவு நோவு கூடினால் யாருக்குப் போன்.
அதற்குக் கீழே,
பம்பர்ஸ் எழுதிய அதே கையெழுத்தில்:
தம்பியின் நித்திரை, மணிக்கு.
மணிக்கு எவ்வளவென்று
பேனையைக் கடித்தபடி நெடுநேரம் இருந்தாள்.

கடைசி ஒற்றையில் எழுதினாள்:
முதல் வீடு. பகலுக்கு ஆள்.
மருந்து மீறி நோவு ஏறினால் வாட்டு.
அவனால் ஏலாவிட்டால் இல்லம்,
ஏலாது என்று அவன் சொன்னால் போதும்,
ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.
மேசை லாச்சியில் கிடந்த பழைய முத்திரையை ஒட்டி
குறுக்கே கையெழுத்திட்டாள்:
செ. யோகாம்பிகை.
"படம் எடுத்துக் குறூப்பில போடு."
அண்ணன் கட்டைவிரல் ஒன்று போட்டார்.
தங்கச்சி விடியும்வரை ஒன்றும் போடவில்லை.
விடிந்து, "நாயை நான் கேட்டதாய்ச் சொல்லுங்கோ."

முள்ளியவளையிலிருந்து பத்மலோஜினி வந்தா,
நாலு பேரைக் கடைசிவரை பார்த்த ஆள்.
வந்த கையோடு
குளியலறைக் கொக்கியைக் கழற்றச் சொன்னா.
முதல் நாள் அக்கா கதைக்கவில்லை.
இரண்டாம் நாள் ஏசினாள்.
மூன்றாம் நாள் உள்ளே தண்ணீர் விழுந்தது,
"கொதிக்குதடி பிள்ளை" என்ற குரல்,
பிறகு இரண்டு பேரின் சிரிப்பு.
எந்தச் சிரிப்பு யாருடையது என்று
எண்ணத் தொடங்கினேன்.

கதிரையிலேயே உறங்கிவிட்டேனாம்.
ஈரத் தலையோடு கொப்பியை எடுப்பித்து
வரவுப் பக்கத்தில் பதிந்திருக்கிறாள்:
தம்பி, முப்பத்தைந்து நிமிடம்.