ஈயடிச்சான் காப்பி

திருவட்டாறு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துத் தையல்கடை ரெத்தினபாய் எட்டிப் பார்ப்பாள்:
"பிள்ளே, இன்னைக்கும் ஈ ஓட்டிட்டா இருக்க?"
ஓட்டவில்லை அக்கா.
ஓடிவிடக் கூடாதே என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

செல்போன் கண்ணில் மாட்டுகிற குட்டி லென்ஸ்
முந்நூற்று எழுபது ரூபாய்.
வீட்டில் இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.

கடைக்குப் பின்னால் யாரோ வீசிய சக்கைமடல்
மூன்று நாள் மழையில் ஊறி
ஒரு பட்டணமாகியிருந்தது.
அங்கேதான் கண்டேன்,
சிறகில் கரும்பட்டை போட்ட ஒருத்தியை.
ஒன்றை உயர்த்தி, ஒன்றைத் தாழ்த்தி,
பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு ரைட் கொடுப்பதுபோல
மடலின் விளிம்பில் நடந்தாள்.

பதினேழு படம் எடுத்தேன். பதினாறு கலங்கல்.
பதினேழாவதில் முகம் இல்லை.

நாங்கள் நான்கு பேர்.
தாணுலிங்கம் களியல் ரூட்டில் கண்டக்டர்,
டிரிப் ஷீட்டின் பின்புறம் சிறகு வரைந்து அனுப்புவார்.
பெனிற்றாவுக்கு மார்த்தாண்டத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
பீருக்கண்ணு காக்கா குளச்சலில் கருவாடு வியாபாரம்:
"மொதல்ல கொல்லத்தான் பாத்தேன் பிள்ளே.
எந்த ஈ முட்டை போடுதுன்னு தெரிஞ்சாத்தானே தடுக்கலாம்?
பாத்துப் பாத்து, பாவி, புடிச்சுப்போச்சு."
இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.
ஆளாளுக்குக் கட்டைவிரல் நகம் தெரியும்,
அளவு காட்ட ஈயின் பக்கத்தில் வைக்கிற நகம்.

குளவி என்றார் தாணுலிங்கம்.
"சிறகை எண்ணிப் பாருங்கோ, ரெண்டுதான்"
என்றாள் பெனிற்றா.
மற்ற இரண்டும் தேய்ந்து தேய்ந்து
குண்டூசித் தலையாய் விலாவில் நிற்கும்.
பதினேழாவது படத்தைப் பெரிதாக்கியபோது
நின்றது, மஞ்சளாய்.

காக்காவுக்கு அது போதாது.
முகம் வேணும். காலுக்க அடி வேணும்.
சிறகு நரம்பு விளிம்பைத் தொடுதா,
தொடாம பாதியில நிக்குதா?
இத்தனை விவரம்
என்னைப் பெண்பார்க்க வந்தவர்களும் கேட்டதில்லை.
அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்:
எந்தக் குடும்பம்?

இவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.
ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு
"நான் சொன்னது தப்பு, நரம்பை எண்ணாம சொல்லிட்டேன்"
என்று ஒரு கண்டக்டர் எழுதுவதை
வேறெங்கும் நான் படித்ததில்லை.

பிறகு ரெத்தினபாய் நாற்றம் தாங்காமல்
சக்கைமடலை வாரி ஓடையில் போட்டாள்.
அவளிடம் என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது?

ஒரு வியாழக்கிழமை
வாரிசுச் சான்றிதழோடு ஒருவர் வந்தார், ஐந்து பிரதி வேண்டும் என்று.
என் மிஷினின் மூடி ஒழுங்காய் மூடாது,
விரலால் தாங்கியே எடுப்பேன்.
வெளிச்சம் ஓடி ஓடித் திரும்பியது.
மூன்றாம் பிரதியில்
இறந்தவர் பெயர், அதன் கீழே
மனைவி, மகன், மகன், மகள்,
ஐந்தாவதாய்
ஆறு காலும் ஊன்றி
அடிவயிறும் வாயும் தெரிய
கரும்பட்டைச் சிறகோடு அவள்.

நாலாம் பிரதியில் இல்லை.
மூடியின் இடுக்கு வழியே வெளியே வந்து
கண்ணாடிக் கரையில் ஒரு சிறகைத் தூக்கினாள்.
போனை எடுப்பதற்குள் போய்விட்டாள்.

"இது ஆரு?" என்றார் வந்தவர்.
வேறு எடுத்துத் தருகிறேன் அண்ணா என்றேன்.
"அப்பாவுக்கு இன்னொருத்தியும் உண்டா?"
சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தி
அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பெயர்களை மடித்து மறைத்துவிட்டு
ஈயை மட்டும் அனுப்பினேன்.
காக்கா மறுநாள்தான் பதில் போட்டார்:
"காலு தெளிவு. வாயி தெளிவு. குடும்பம் உறுதி.
அதுக்கு மேல எனக்குத் தெரியாது.
தெரிஞ்ச ஆளு உண்டான்னும் தெரியாது."

தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்,
மடித்தது மடித்தபடி.
ரெத்தினபாய் குனிந்து பார்த்து,
"ஈயடிச்சான் காப்பியா பிள்ளே?"
அடிக்கல அக்கா.