ஒன்பதாம் நொடி

பொட்டலம் கட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது.
தார்த்து நகரில் பகலெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின்
கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன்; இரவில்
யாரோ எழுதிய வீடியோ எடிட்டரை
லினக்ஸுக்காகக் கட்டி, முடிச்சுப் போட்டு, அனுப்புகிறேன்.

பிப்ரவரியில் ஹியுமா தீவிலிருந்து உர்வே எழுதினாள்:
"ரைவோ, உங்கள் பொட்டலம் ஒன்பதாம் நொடியில் செத்துப்போகிறது."
கூடவே ஒரு கோப்பு. பன்னிரண்டு நொடி.

உறைந்த கடல். நல்ல குளிர் வந்தால் அதன்மேல்
தீவுக்கும் கரைக்கும் கார் ஓடும்.
ஆரஞ்சு மேலங்கியில் ஒரு ஆள், முதுகு மட்டும்,
கையில் கடப்பாரை. நாலு எட்டு நடக்கிறான்.
மூக்கைப் புறங்கையால் துடைக்கிறான்.
கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்குகிறான்.
ஜன்னல் மூடிக்கொள்கிறது.
கறுப்புத் திரையில் ஒரே வரி: செக்மென்டேஷன் ஃபால்ட்.

மறுபடி. நாலு எட்டு. மூக்கு. கடப்பாரை. கறுப்பு.

நாங்கள் நூலகம் என்பதில் ஒரு புத்தகமும் இராது.
நூல் உண்டு: இதை அதோடு, அதை இன்னொன்றோடு கட்ட.
எந்த நூல் எதற்கு என்று கட்டும் கருவியே
மோப்பம் பிடித்து எழுதிவிடும்,
ஓடும்போது மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடப்படுபவை தவிர.
அவற்றை நான்தான் கையால் எழுத வேண்டும்.
அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறேன்.

என் சொந்தக் கணினியில் திறந்திருந்தால்
முதல் இரவே முழுசாய் ஓடியிருக்கும்; என்றோ எதற்கோ
போட்ட பழசெல்லாம் அதில் கிடக்கிறது.
ஆனால் அங்கே ஓடுவது சாட்சி ஆகாது.
ஒன்றுமில்லாத நிறுவலில், ஒவ்வொரு முறையும் துடைத்து,
புதிதாய் இறக்கித்தான் பார்த்தேன்.
வீம்பு என்றாள் என் மனைவி தூலே.

அறுபது முறையா, எழுபதா.
அந்த ஆளின் இடது காலணியில் நாடா அவிழ்ந்திருப்பது தெரியும்.
மூன்றாம் நொடியில் படத்துக்கு வெளியே
ஒரு நாய் தும்முவது தெரியும்.
மருத்துவமனையில் பிரிண்டரைத் திறந்துவைத்துக்கொண்டு
பனி தாங்கியதா என்று யோசித்தேன்.
உர்வேயிடம் கேட்டிருக்கலாம்.
"பதிப்பு எண் என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

வியாழன் இரவு பிடிபட்டது. ஒன்பதாம் நொடியிலிருந்து
காட்சியை அவள் மெதுவாக்கியிருந்தாள்.
மெதுவாக்கும் நூலகம் என் பட்டியலில் இல்லை.
ஒரு வரி; கொசுறாய் ஒரு காற்புள்ளி.
திரும்பக் கட்ட இருபத்திரண்டு நிமிடம். விசிறி இரைந்தது.

நாலு எட்டு. நாய். மூக்கு.
கடப்பாரை மேலே போய்
இறங்குகிறது
இறங்குகிறது
பனியைத் தொட்டு, நிற்காமல்
உள்ளே போகிறது, பிடித்த கை வரை.
சாம்பல் நீர் எழும்பி அந்த நாடாவை நனைக்கிறது.
ஓரடி பின்வாங்கித் திரும்பிப் பார்க்கிறான்.
முதல்முறையாக முகம். அறுபது வயதிருக்கும்.
சிரிப்பும் மெதுவாகவே வருகிறது. முன்பல் ஒன்று இல்லை.

நாற்காலியை எப்போது பின்னுக்குத் தள்ளினேன், தெரியாது.

"சரிசெய்தாயிற்று. நான்காம் கட்டு.
ஒரு சார்பு விடுபட்டிருந்தது," என்று எழுதினேன்.
காலையில் பதில்: "ஓடுகிறது, நன்றி.
இந்த வருடம் சாலை திறக்க மாட்டார்கள்."