ஐந்து மடிப்பு

ட்ரியர் மருத்துவமனையின் அடித்தளம்.
இரவு பத்தே கால்.
மூன்று இயந்திரங்களும் அரைத்துக்கொண்டிருக்க
விரிப்பின் அந்த முனையில் லுட்கர்,
இந்த முனையில் நான்.

"செர்வுஸ்."
அடிமை. எழுவாய். முதல் மடிப்பு.
"செர்வீ."
அடிமையினுடைய. ஓரடி நெருங்குகிறோம்.
"செர்வோ." அடிமைக்கு.
"செர்வும்." அடிமையை.
அவன் சட்டையில் வெளுப்பான் நெடி.
"செர்வோ."
அதைத்தான் சொல்லியாகிவிட்டதே என்கிறேன்.
இது வேறு என்கிறான், அட்டையை விளக்கில் பிடித்து:
அடிமையிடமிருந்து.

விரிப்பு தலையணை அளவாகி
எங்களுக்கு நடுவில் நிற்கிறது.
கொடுத்தாலும் பறித்தாலும் ஒரே சொல்லா?
இடம் பார்த்துப் பொருள் கொள்க என்று
போட்டிருக்கிறதாம், முப்பத்தோராம் பக்கம்.

சனிக்கிழமை தேர்வு.
மாலைப் பள்ளியில் பதினொருவர் சேர்ந்து
நால்வர் மிஞ்சியிருக்கிறோம்.
எங்கள் பாடப்புத்தகத்து அடிமைகள்
எப்போதும் தண்ணீர் சுமக்கிறார்கள்,
எப்போதும் மகிழ்ச்சியாக.
"மகிழ்ச்சியாக" என்பது
அந்த வாரத்துப் புதுச்சொல்; அவ்வளவுதான்.

துணி வெளுப்பவனுக்கு ஒரே ஒரு கட்டம்,
பக்கத்தின் ஓரத்தில், ஐந்து வரி.
தெருவில் சாடி வைத்து
ஊரார் மூத்திரம் சேர்த்து
அதில் நின்று மிதித்தானாம்
செனட்டரின் வெள்ளை அங்கியை.
படத்தில் அவன் கால் தெரிகிறது.
தலை இருக்கும் பக்கம் சுவர் உதிர்ந்துவிட்டது.
"நமக்காவது கையுறை தருகிறார்கள்" என்றான் லுட்கர்.
நான் சிரிக்கவில்லை; பிறகு சிரித்தேன்.

லாவோ: துவைக்கிறேன்.
எங்கள் மொழியில் "நான்" முன்னால் வந்து நின்றாக வேண்டும்.
இதில் அது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு
சத்தமில்லாமல் வேலைக்கு வருகிறது.
பிடித்திருக்கிறது எனக்கு.

பெல்லும்: போர்.
செய்தாலும் படும்போதும் ஒரே முகம்.
அலகில் சொற்கள் எல்லாமே அப்படித்தான் என்றார் ஆசிரியை,
அதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுபோல்.

வியாழனன்று அட்டைகளை
மேலங்கிப் பையில் மறந்தேன்.
தொண்ணூறு டிகிரி, ஒரு மணி நேரம்.
நூற்று நாற்பது சொற்கள்
சாம்பல் கூழாக வந்தன, ஒரு கைப்பிடி.
பிரித்துப் பார்த்தால்
நீல மை முழுக்கப் போயிருந்தது.
சொல்லின் உடலை நீலத்தில் எழுதுவேன்,
வேற்றுமை உருபைப் பென்சிலில்.
பென்சில் கரையவில்லை.
-உஸ். -ஈ. -ஓ. -உம். -ஓ.
யாருடையவை என்று தெரியாத வால்கள்.

கொடியில் கிளிப் போட்டு அவற்றைக் காயவைத்தேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.

வெள்ளி இரவு ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள்.
மடித்தோம்.
அவன் தூரத்து இயந்திரத்தைக் காலிசெய்யப் போனான்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது
அட்டையில் எழுத இடமில்லாமல் விட்ட ஆறாவது,
விளி.
இந்த ஆண்பெயர்கள்
கூப்பிடும்போது மட்டும் வால் மாற்றுகின்றன.
செர்வே!
கூப்பிட்டவுடன் ஓடிவரத் தோதாக
முடிவில் மெய்யே இல்லாமல்.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மூன்று மோட்டாரின் இரைச்சலைத் தாண்டி வந்ததோ
"லுட்கெரே!"

உருளையிலிருந்து தலையை எடுத்துத் திரும்பினான்,
கைநிறைய ஈரத் துணியோடு.
"யாரை?" என்றான்.

உன்னைத்தான் என்றேன்.
இந்த முனையைப் பிடி.