நிழல்மேயி தண்ணீர் குடித்த பக்கம்

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
நிழல்மேயியைக் கொன்றேன்.
கார்த்திகை மழை. முத்தையன்கட்டில்
நீர்மட்டம் இருபத்திரண்டடி நாலங்குலம்.
இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினேன்,
மட்டத்தைத் திணைக்களக் கொப்பியில்,
மரணத்தை அதன் பின்பக்கத்தில்.

பதினொரு வருஷக் கதை.
துருசுக் கதவு காக்கிறவனுக்கு
இரவில் வேறென்ன வேலை?
மூன்று திசையிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள்:
தேனெடுக்கும் சேந்தி,
கடலோடு கோபித்து நடந்துவந்த உப்புக்கண்டன்,
தன் பெயரைச் சூதில் தோற்ற ஒருத்தி.
சேந்தியை முள் கீறினால்
இரத்தம் உப்புக்கண்டனுக்கு வரும்,
வலி பெயரில்லாதவளுக்கு.
அப்படி முடிச்சுப் போட்டுவிட்டு
அவிழ்க்கத் தெரியாமல் நாலு வருஷம் இருந்தேன்.

காட்டில் பாலைக்கொம்பு முளைத்த முதலைகள்.
வான் பாயும் நாளில் மட்டும் பறக்கிற விரால்கள்.
பிறகு நிழல்மேயி.
மாடு புல்லை மேய்கிற மாதிரி
அது ஆளின் நிழலை மேயும்,
அவசரமில்லாமல், பாதத்திலிருந்து.
மேய்ந்து முடிந்தபின்
ஆளைத் தேடுவார்கள்.

ஒட்டுசுட்டான் சந்தியில் தட்டச்சுக் கடை,
பக்கம் அறுபது ரூபா.
யசோநிதி எதுவும் கேட்கமாட்டாள்.
கீபோர்ட் பழசு, நிழல் எல்லாம்
நிழழல் என்றுதான் வரும்.
அடித்த தாள்களை விளக்கடியில் திருத்தினேன்.
612: ஈட்டி பாய்கிறது. சரி.
613: சேந்தியின் தோள் கிழிகிறது, உப்புக்கண்டன் நனைகிறான். சரி.
640: நிழழல்மேயி நொண்டிக்கொண்டு வந்து
அலைகரையில் தண்ணீர் குடித்தது.

இதை நான் எழுதவில்லை.

விடிய சைக்கிளில் போனேன்.
பதினொரு வருஷம், பிள்ளை,
அது செத்தால்தானே மூன்றுபேரும்
ஒரு துறையில் சேரலாம்?
அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை.
"வயித்துக்குள்ள இருக்கிற நிழலுகளை
என்ன செய்யிறதா யோசிச்சனீங்கள், அண்ணை?"

யோசிக்கவில்லை.
கொன்றேன், முரசறைந்தார்கள், அடுத்த அத்தியாயம்.

அவள் எழுந்து மெஷினுக்குத் தாள் அடுக்கினாள்.
யாருடையதோ அடையாள அட்டை,
முன்னும் பின்னுமாய்ப் பத்துப் பிரதி.
எடுத்து, விளிம்பு தட்டி, கிளிப் போட்டு,
லாச்சிக்குள் தன் கைப்பைக்குக் கீழே வைத்தாள்.
"அந்த வரிக்குக் காசு எடுக்கேல்லை" என்றாள்.

இன்றிரவு 612-ஐக் கிழித்தேன்.
ஈட்டி உள்ளேதான் இருக்கிறது.
சேந்தி தனியே பிடுங்கினால் உப்புக்கண்டன் வடிந்துபோவான்.
அவன் பிடுங்கினால் யாருக்கு என்னாகும் என்று
பதினொரு வருஷத்தில் நான் முடிவுசெய்யவே இல்லை.
பெயரில்லாதவளோ ஏற்கெனவே
குனிந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.
நான் சொல்லவில்லை அப்படிச் செய்யச்சொல்லி.

மட்டம் இருபத்து மூன்றடி. குறித்தேன்.
துருசை அரைக் கதவு திறந்தேன்.
இருட்டில், அலைகரைப் பக்கம்,
எதுவோ நிதானமாகக் குடிக்கிற சத்தம்.

டோர்ச் கையில்தான் இருந்தது.
அடிக்கவில்லை.