மேஜர் செத்ததற்கு நான் பொறுப்பல்ல

வியாழக்கிழமை, இரவு எட்டு ஐம்பத்திரண்டு.
புரோட்டா மேல் சால்னா ஊற்றிய கையோடு இருந்தேன்.
கண்ட்ரோல் ரூமில் மூன்று போனும் ஒன்றாக அடித்தன.
மழை இல்லை. களக்காட்டு மலைப் பக்கம் ஒரு மின்னல்கூட இல்லை.
வயரை எவனும் அறுக்கவில்லை.

"ஏல மாசானம், மேஜரக் கொன்னுட்டானுவளேல!"
முப்பிடாதி அக்கா.
பின்னால் நாலைந்து பீடித் தட்டுகளின் அழுகை.

"நான் கொல்லலக்கா" என்றேன்.
ஆனால் வீரவநல்லூர் முழுக்க மாடிக்கு மாடி
இழுத்துக் கட்டியிருந்த கேபிளில்
அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தது அந்தச் சாவுதான்.
வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான்.

நாலு வருசம்.
அந்தப் பங்களாவில் பாயசத்தில் விஷம் என்று
முதலில் கண்டுபிடித்த ஆள் மேஜர்.
மூத்த மகன் குடித்துவிட்டு வரும் இரவுகளில்
மருமகளின் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும்.
வசனம் கிடையாது.
அதனால்தானோ என்னவோ
அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

மைதீன் பாத்து பேசினாள்:
"எங்க வூட்டுக்குள்ள நாய் வராது தம்பி.
அது டிவிக்குள்ள இருந்துச்சு, நாங்க வெளிய இருந்தோம்.
யாருக்கு என்ன தொந்தரவு? அதப் போயி…"

சத்துணவு சுலோச்சனா
இந்த மாசச் சந்தா கிடையாது என்று
தணிந்த குரலில், மரியாதையாகச் சொன்னாள்.

ஒன்பது மணிக்கு ஒரு போன்.
யாரும் பேசவில்லை.
அந்த வீட்டு டிவியும் என் அறை டிவியும்
ஒரு நொடி முன்பின்னாக
அதே விளம்பரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.
நம்பரைப் பார்த்தேன். கீழத்தெரு வேலம்மாள்.
அவள் புருசன் வீடு திரும்புகிற நேரம் எனக்குத் தெரியும்.
ஊருக்கே தெரியும்.
"அக்கா" என்றேன்.
வைத்துவிட்டாள்.

புரோட்டா ஊறிப் போயிருந்தது.

கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததை
நடுச்சாமத்தில் திரும்ப ஓட்டினேன்.
மேஜர் கிடக்கிறது. மருமகள் மடியில் தலை.
வயலின் இழுக்கிறது.
நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓட்டினேன்.
வயிறு ஏறி இறங்குகிறது!
போதாததற்கு இடது காது
படத்துக்கு வெளியே எங்கேயோ
பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு
லேசாக நிமிர்ந்து, சட்டென்று மடங்குகிறது.

விடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு ஓடினேன்.
கொலைக்கேஸில் விடுதலை ஆனவன் மாதிரி.

முப்பிடாதி அக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.
ராத்திரி கட்டின கட்டிலெல்லாம்
ரெண்டு மூணு பீடி குறைகிறது என்று
செக்கர் அப்போதுதான் கத்திவிட்டுப் போயிருந்தான்.

"அக்கா, அது சாவல. மூச்சு விடுது. நான் பாத்தேன்."

அவள் இலையை வெட்டினாள்.
"நாங்களுந்தான் பாத்தோம்.
காது ஆடுனதக்கூடப் பாத்தோம்.
அதுக்காவ அழாம இருக்க முடியுமால?"

பிறகு முந்தியை அவிழ்த்து
நூற்றைம்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
பத்தும் இருபதுமாய்ச் சேர்ந்த காசு.
நம்ம லோக்கல் சேனலில்
கீழே ஓடுமே, கண்ணீர் அஞ்சலி,
அதில் ஒரு நாள் போடணுமாம்.

"ஆள் செத்தாத்தாம்க்கா அதுல போடுவோம்."
"ஆளு செத்தா நீ கேட்டுக்கிட்டா போடுதே?
காசக் குடுத்தாப் போடுதே."

போட்டேன்.
ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கும்
நிலம் விற்பனைக்கும் நடுவில்
மேஜர் ஓடியது, வலமிருந்து இடமாக,
நாள் முழுக்க.
பிரிவால் வாடும் என்ற இடத்தில்
தெருப் பெயர்களை வரிசையாக அடித்தேன்.
கீழத்தெருவை அவர்கள் சொல்லவில்லை.
நானாகச் சேர்த்தேன்.
மறைந்த தேதி கேட்கிற கட்டத்தில் மட்டும்
கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
காலியாக விட்டேன்.

சுலோச்சனா இன்னும் சந்தா தரவில்லை.