நாற்பத்தேழாம் மரம்

அலையாத்திக்கு இடுப்பளவு எடுப்பது என் வேலை.
முத்துப்பேட்டையில் படகேறி
கோரையாறு கடலோடு குழம்பும் இடத்தில்
முழங்கால் சேற்றில் இறங்கி,
மாதம் ஒருமுறை.

நாற்பத்தேழாம் மரம்
தையில் அறுபத்தொன்று புள்ளி நாலு.
பங்குனியில் அறுபத்தொன்று புள்ளி ஒன்று.

"மரம் இளைக்காது தமீமா,
நாடாவை இறுக்கியிருப்பாய்" என்றார் அலுவலர்.
மறுநாள் விடியுமுன் ஒருமுறை அளந்தேன்,
உச்சிவெயிலில் ஒருமுறை.
உச்சியில் இன்னும் ஒரு நூல் குறைந்தது.

ஐப்பசியில் நாலே நாள் மழை.
மேட்டூரை மூடி ஐம்பது நாள்.
உள்ளே வைத்திருந்ததைத்தான்
குடித்துக்கொண்டு நிற்கிறது,
நோன்பில் நான் எச்சில் விழுங்குவதுபோல.

படிவத்தில் 'வளர்ச்சி' என்று ஒரே கட்டம்.
கழித்தல் குறி போட்டேன்,
பென்சிலால் இல்லை, பேனாவால்.

இலைமேல் உப்பு பூத்திருந்தது.
வழக்கமாக நக்கிப் பார்ப்பேன்.
அன்று முடியாது.
ஒன்றைக் கிள்ளி
டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன்.
படகில் காத்தலிங்கம் சிரித்தார்.

மக்ரிப் பாங்கு கேட்டதும்
பேரீச்சைக்கு முன்னால்
அந்த இலையை நாக்கில் வைத்தேன்.
கரிப்பு இல்லை, கசப்பு.
காதுவரை ஏறியது.

பிறகு
ஒரே மூச்சில்
இரண்டு தம்ளர் தண்ணீர்.